ஓப்பன்ஹைமின் நூல்கள்

பழைய எபிரேய மறைநூல் ஒன்றைக் கையில் எடுத்தால், அது அச்சான ஊரைப் பார்ப்பதற்கு முன்பே, முன்னேடுகளில் யார் யார் பெயரெழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதுதான் என் வழக்கம்.

1702 முதல் பிராக் நகரின் தலைமை ரபியாக, அதாவது யூத சமய குருவாக, இருந்த டேவிட் ஓப்பன்ஹைம், 1736இல் மறையும்வரை ஆயிரக்கணக்கான நூல்களையும் சுவடிகளையும் சேர்த்தார். சிலவற்றைத் தமக்கென்றே நீலத் தாளிலும் பதனிட்ட தோலிலும் அச்சிடச் செய்தார். ஆனால் பிராக்கின் தணிக்கைக்கு அஞ்சி, அந்தச் சேகரத்தைத் தொலைவிலுள்ள ஹனோவரில், மாமனாரின் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டியிருந்தது. நினைத்த நேரத்தில் எடுத்துப் படிக்க முடியாத நூலகத்தை வாழ்நாளெல்லாம் வளர்த்த அந்த மனிதரை எண்ணினால் எனக்கு வியப்பைவிட இரக்கமே மிகுகிறது.

அவருக்குப் பின் கைமாறி, ஹாம்பர்க்கில் பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்த நூல்களை, 1829இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் 9,000 தாலருக்கு (அக்கால ஜெர்மானிய வெள்ளி நாணயம்) வாங்கியது. அடிமாட்டு விலை என்றே சொல்வேன். அவற்றின் அடுக்கு எண்களில் 'ஓப்.' என்ற சுருக்கமாக அவர் பெயர் இன்றும் நிற்கிறது.