என்.சி.எஸ்.என். தேர்வு: மார்க் எங்கே போகிறது?

அமெரிக்கப் பள்ளி நர்ஸ்களுக்கான என்.சி.எஸ்.என். சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் நோய்களையே புரட்டுகிறார்கள். மார்க் கோட்டைவிடுவது சட்டத்தில். பள்ளி வைத்திருக்கும் மாணவர் உடல்நலப் பதிவுகளுக்குப் பொதுவாக மாணவர் கல்விப் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம்தான் பொருந்தும். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில், நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை டிக் அடித்துவிடுவார்கள். மாற்றுத்திறன் உள்ள மாணவருக்குச் சிறப்புக் கல்வி வேண்டாம், வகுப்பில் சலுகைகள் மட்டும் போதும் என்றால் 504 திட்டம். சிறப்புக் கல்வியே தேவை என்றால் ஐ.இ.பி. என்னும் தனிநபர் கல்வித் திட்டம்.

அவசர சிகிச்சையில் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். ரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே, பிள்ளை தெளிவாக விழுங்குகிறது: 4 அவுன்ஸ் ஜூஸ், அதாவது சுமார் 15 கிராம் கார்போஹைட்ரேட், 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. அதே கேள்வியில் 'சுயநினைவில்லை' என்று ஒரு சொல் ஒளிந்திருந்தால் வாய்வழி எதுவும் கூடாது. மருத்துவர் உத்தரவுப்படி சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் மருந்து, உடனே அவசர உதவி எண் 911-க்கு அழைப்பு.

கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து எபிநெஃப்ரின், தொடையின் வெளிப்புறத் தசையில். உடல் எடை 15 முதல் 30 கிலோவரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி. ஆட்டோ-இன்ஜெக்டர், அதாவது தானே மருந்தைச் செலுத்தும் ஊசி. ஆன்டிஹிஸ்டமினை முதலில் கொடுக்கச் சொல்லும் விடை பொறி. அரிப்பை அது அடக்கும், அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது.

பொறுப்பு ஒப்படைப்புக் கேள்விகளில் மருந்து கொடுப்பதைப் பயிற்சி பெற்ற ஊழியரிடம் விடலாமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. மாணவரின் உடல்நிலையைப் பற்றி நர்ஸ் செய்யவேண்டிய மதிப்பீட்டை எந்த மாநிலத்திலும் அவரிடம் விட முடியாது.