முறுக்கு பார்சலுக்கு ஓர் அறை

மணப்பாறையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அட்வான்ஸ் போகக் கையில் 60,000 ரூபாய். சுவருக்கு வெள்ளையடித்தால் போதும். ஆன்லைனில் வாங்குபவர் வந்து பார்க்கப்போவதில்லை. இரும்பு ரேக், தராசு, லேபிள் பிரின்டர், அப்புறம் வலைக்கதவு.

பெரிய கணக்கு அட்டைப்பெட்டியில்தான். முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். பல கூரியர்காரர்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 30×20×15 பெட்டிக்குள் அரைக் கிலோ இருந்தாலும் 1.8 கிலோவுக்குக் காசு. அதனால் பெட்டி அளவை முடிவு செய்துவிட்டுத்தான் ரேக்கின் ஆழத்தையே சொன்னேன்.

மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றும் செலவு கட்டிட உரிமையாளருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். கொஞ்சம் முனகினார், சரி, கையெழுத்துப் போட்டுவிட்டார்.