பெயர் எழுதாத நோட்டுகள்

வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறேன். வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் என்று பல துறைகளிலிருந்து வருகிற அறுபது பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் பேருந்திலும் ரயிலிலும் வந்து சேருகிறவர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். தமிழ்த்துறையில் இருக்கும் எங்களை மட்டும் ‘அம்மா’, ‘ஐயா’ என்பார்கள். மற்றத் துறையினர் அவர்களுக்கு ‘மேம்’, ‘சார்’. இந்த வேறுபாட்டில் கொஞ்சம் பாசமும் கொஞ்சம் இளக்காரமும் கலந்திருப்பதாக எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு.

பல ஆண்டுகளாக அவர்களிடம் நான் கேட்டுவந்தது, பள்ளியில் அவர்கள் கேட்டுப் பழகிய அதே கேள்வியைத்தான்: பாடலின் நயத்தைப் பாராட்டி எழுதுக. மையக் கருத்து, எதுகை நயம், மோனை நயம், இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புகள் அவர்கள் கையில் ஆயத்தமாக இருக்கும். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அந்தத் தலைப்புகளுக்குக் கீழே அதைப் பங்கிட்டு வைத்துவிடுவார்கள். ஒருமுறை வகுப்புத் தேர்வுக்கு நான் தயாரித்த வினாத்தாளை நகலெடுத்தபோது பாடல் அடிகள் மட்டும் விடுபட்டுப் போய்விட்டன. அதை ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. பதினொரு பேர் அந்த இல்லாத பாட்டின் நயத்தை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் பாராட்டியிருந்தார்கள். ஒரு விடைத்தாளில் ‘படிக்கப் படிக்கத் தெவிட்டாத சந்தம்’ என்றுகூட இருந்தது. அன்று மாலை விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். பாராட்டியே தீர வேண்டும் என்று நான்தானே கேட்டிருந்தேன்? பாட்டுப் பிடிக்கவில்லை, புரியவில்லை, இதில் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அந்தக் கேள்வியில் ஓர் இடமும் இல்லை.

அடுத்த பருவத்தில் ஆளுக்கொரு நூறு பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னேன். வாரத்துக்கு மூன்று நாளாவது எதையாவது எழுத வேண்டும். வாரம் ஒரு பாட்டு வகுப்பில் படிப்போம், அதைப் பற்றியும் அதே நோட்டில்தான் எழுத வேண்டும். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5 அதற்கு. அந்த ஐந்தும் பக்கக் கணக்குக்கு மட்டும்: நாற்பது பக்கம் நிறைந்தால் ஐந்தும் உண்டு; என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

நாட்குறிப்பு என்றதும் பையன்களின் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. டைரி என்பது பெண் பிள்ளைகளின் வேலை, அல்லது சினிமாவில் செத்துப்போனவர் விட்டுச்செல்வது என்பது அவர்கள் கருத்து. ‘எழுத இன்னாம்மா கீது, காலையில வரோம், சாயங்காலம் போறோம்’ என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்காகத்தான் ஆனந்தரங்கப் பிள்ளையை வகுப்புக்குள் அழைத்து வந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்த அவர் 1736 முதல் 1761 வரை, தம் வாழ்வின் இறுதிவரை, கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரைப் பார்த்தார்கள், ஊரில் என்ன வதந்தி என்று கணக்கு எழுதுகிற கையாலேயே எழுதி வைத்தார். அதற்குத் தினப்படி சேதிக் குறிப்பு என்று பெயர். ஆற்காட்டு நவாபுப் பதவிக்கு நடந்த சண்டைகளெல்லாம் அந்தக் காலத்துக்குள் அடங்குபவை. 1749இல் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்ட போர் ஆம்பூரில்தான் நடந்தது. இதைச் சொன்னதும் ஆம்பூரிலிருந்து வரும் மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிரியாணிக்கும் செருப்புக்கும் அல்லாமல் வேறொன்றுக்காகத் தன் ஊர்ப் பெயரை வகுப்பில் ஒருவர் சொல்லி அவன் கேட்டது அதுவே முதல்முறையாக இருக்கலாம். ஆனால் வகுப்பைத் திறந்துவிட்டது வரலாறு அல்ல, ‘சேதி’ என்ற சொல்தான். உணர்ச்சியை எழுதச் சொன்னால் மருளுகிறவர்கள், சேதியை எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறார்கள்.

பெயர் பற்றியும் ஒரு விதி வைத்தோம். அதை நான் புதிதாக உண்டாக்கவில்லை. காதலைப் பாடும் அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். காதலிப்பவர் யார், தோழி யார், தாய் யார் என்று பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் அது அகம் ஆகாது. இந்த நூற்பாவை மாணவர்கள் இதுவரை மனப்பாடப் பகுதியாக மட்டுமே அறிந்திருந்தார்கள். நோட்டுக்கு இதுதான் சட்டம் என்றேன். அப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், நண்பன் என்று எழுதலாம்; யாருடைய பெயரும் வரக் கூடாது, நோட்டின் அட்டையில் உங்கள் பெயர்கூட. அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்துபோன புலவர்கள் பலரை, நூலைத் தொகுத்தவர்கள், அவரவர் பாட்டில் வரும் தொடராலேயே அழைத்தார்கள் அல்லவா: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார், மீனெறி தூண்டிலார். குப்பைக் கோழியார் என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பே குலுங்கியது. முதல் மாதம் எழுதியதில் எந்தத் தொடர் உங்களுடையது என்று தோன்றுகிறதோ அதுவே உங்கள் பெயர் என்று விட்டுவிட்டேன்.

அவ்வாறு கடைசி பஸ்ஸார், தண்ணி லாரியார், வெங்காயத் தோலார், லாட்ஜ் விளக்கார் எல்லாரும் பிறந்தார்கள். இரண்டாம் வாரத்திலேயே கையெழுத்தைக் கொண்டு யார் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் தெரியாததுபோல நடந்துகொள்வதென்று பேசாமலேயே எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

முதல் சில வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுந்தேன், பல் துலக்கினேன், பேருந்து தாமதம் என்று எல்லா நோட்டும் ஒரே நோட்டாக இருந்தன. நாங்கள் நிமிர்ந்தது, காதலனைப் பிரிந்து தூங்காதவள் சொல்வதாகக் குறுந்தொகையில் உள்ள பதுமனார் பாட்டில்.

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

நான்கே அடிகள். சொற்பொருளை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: யாமம் என்றால் நள்ளிரவு; முனிவு, வெறுப்பு; துஞ்சுதல், உறங்குதல்; மன்ற, உறுதியாக. திணை, துறை எதையும் சொல்லவில்லை. இந்தப் பாட்டை உங்கள் ஊர் இரவில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றே எழுதுங்கள் என்றேன்.

லாட்ஜ் விளக்கார் என்ற மாணவன், சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ப்புறத் தெருக்களில் ஒரு விடுதியில் இரவு நேரத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறான். வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள் அவை. கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்து இருக்கும். அவன் எழுதியது இது: ‘இந்தப் பாட்டு எங்கள் தெருவில் செல்லாது. இரவு இரண்டு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்தாறு பேர் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது. பணம் கேட்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். ஓர் யான் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.’ நயம் பாராட்டும் விடைத்தாள்கள் ஆயிரக்கணக்கில் திருத்திய எனக்கு, அந்தப் பாட்டில் ‘ஓர்’ என்ற சொல்லின் கனத்தை இந்த மறுப்புதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொரு மாணவி, குடியாத்தம் பக்கத்துக் கிராமம். அவள் ஏழே வரி எழுதியிருந்தாள். ‘எங்கம்மாவும் தூங்காமத்தான் கீது. ஆனா யாரையும் நெனச்சிகினு இல்ல. ஆயிரம் கணக்கு முடியல. மடியில முறம், முறத்துல தூளு. எல போதலன்னா ஏஜெண்டு திட்டுவாரு, எல மீந்தாலும் திட்டுவாரு. உலகம் தூங்குதான்னு எங்கம்மா பாத்ததே இல்ல. நாந்தான் பாத்துகினு இருந்தேன்.’ பீடி சுற்றுகிற வீடு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அந்த வாரத்திலிருந்து அவள் நோட்டுக்கு ஆயிரங் கணக்கார் என்று பெயர்.

அவள் பேசுவதுபோலவே எழுதியிருந்ததை வகுப்பில் ஒருவன் ஆட்சேபித்தான். ‘கீது’ என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போடுவீர்களா என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மற்ற மாவட்டங்களுக்குப் போனால் ‘இன்னா’ என்று வாய் திறந்த உடனே எங்கள் ஊர்க்காரர்களைக் கேலி செய்வார்கள். நானே படிக்கப் போன இடத்தில் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள். தமிழ் படித்து, தமிழ் கற்பிக்க வந்த பிறகு அந்தப் பேச்சைக் கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். தேர்வுத் தாளில் இப்போதும் அடிக்கிறேன், அது வேறு நடை, அதற்கு வேறு இடம். நோட்டில் அடிப்பதில்லை. ‘இருக்கிறாள்’ என்று திருத்தியிருந்தால் அந்த ஏழு வரியில் அம்மா இருந்திருக்க மாட்டாள்.

இதெல்லாம் வெற்றிக் கதைபோல ஒலிக்கிறது, அப்படி இல்லை. ஆயிரங் கணக்காரின் பக்கத்தை அவள் அனுமதியோடு வகுப்பில் படித்துக் காட்டினேன். அது நான் செய்த தவறு. அடுத்த இரண்டு வாரங்களில் நோட்டு முழுவதும் துயரம் பெருக்கெடுத்தது. கண்ணீர், இருள், வலி, ஏங்கும் இதயம். அழாத தாய் ஒருத்தியும் இல்லை. என் சிவப்பு மைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: சோகமான பக்கங்களுக்கு அரைப் பக்கம் பதில் எழுதியிருக்கிறேன், தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்த சேதிக்கு வெறும் ‘நன்று’. எதற்கு நான் மசிகிறேன் என்பதை அவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிட்டார்கள். எதுகை மோனை போய், அந்த இடத்தில் கண்ணீர் வந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் நயம் பாராட்டல்தான். (உண்மையாகவே உடனே கவனிக்க வேண்டிய பக்கம் ஒன்று அந்த வெள்ளத்தின் நடுவே இருந்தது. எழுதியவரைத் தனியே அழைத்துப் பேசினேன், உரியவர்களிடமும் கொண்டுபோனேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.)

அதன் பிறகுதான் பாரி மகளிரின் பாட்டை எடுத்தேன். மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி மாண்டு, பறம்பு மலை பறிபோன பின் அவனுடைய மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டாக இருப்பது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

இதில் அழுகையைக் குறிக்கும் சொல் எங்கே என்று கேட்டேன். தேடினார்கள். கண்ணீர் இல்லை, துயர் இல்லை, நோய்கூட இல்லை; நிலவு, தந்தை, குன்று, முரசு, வேந்தர், அவ்வளவுதான். அன்று இருந்தது, இன்று இல்லை என்ற கணக்கு மட்டும். ‘இதுவும் சேதிதானேம்மா’ என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. அந்த வாரத்துக்கு ஒரே நிபந்தனை வைத்தேன்: ஓர் அற்றை, ஓர் இற்றை; வருத்தத்தைக் குறிக்கும் சொல் ஒன்றும் வரக் கூடாது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981இல்தான் மீண்டும் இலிங்கம் வைக்கப்பட்டது. தண்ணி லாரியார் இதை எடுத்துக்கொண்டான். ‘அற்றைத் திங்கள் எங்கள் தாத்தாவுக்குச் சாமியில்லை, பாலாற்றில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் இருந்தது. இற்றைத் திங்கள் சாமி வந்துவிட்டார். லாரிக்குக் காத்திருக்கிறோம். நடுவில் 2021 நவம்பரில் ஆறு ஒருமுறை கரை புரண்டு வந்தது, நான் ஒன்பதாவது படித்தேன், ஊரே பாலத்தில் நின்று பார்த்தோம். தாத்தா மட்டும் வரவில்லை. தெரிந்தவனைப் பார்க்க எதற்கு ஓடுகிறீர்கள் என்றார்.’ கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் என்ன குறிப்பு எழுதுவதென்று பேனாவை வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுதாமல் நோட்டை மூடினேன். இப்போதெல்லாம் எந்தப் பக்கத்துக்கும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அந்த வரியும் பெரும்பாலும் ஒரு கேள்விதான். எத்தனை குடம்? எந்தப் பாலம்?

எல்லாருக்கும் இது ஒத்துவந்ததாகச் சொல்ல மாட்டேன். ஐந்து மதிப்பெண்ணுக்காகப் பெரிய எழுத்தில் நாற்பது பக்கம் நிரப்பியவர்கள் உண்டு. கிரிக்கெட் ஆட்டங்களின் ஓட்ட எண்ணிக்கையை மட்டுமே எழுதிய ஒருவன் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையை முன்னிறுத்திய பிறகு அவனிடம் நான் எதைச் சொல்லி மறுப்பது?

பருவ முடிவில் பக்கங்களை எண்ணினேன். ஆயிரங் கணக்காரின் நோட்டில் முப்பத்து நான்கு பக்கம்தான் இருந்தது, ஆறு குறைந்தது. மூடப்போகும்போது பின்னட்டையிலிருந்து திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, பென்சிலில், வேறொரு கையெழுத்து. செவ்வாய் 700. புதன் 650. வியாழன் கரண்ட் இல்லை 300. வெள்ளி இலை மோசம் 500. அப்படியே ஆறு பக்கம். கேட்டதற்கு, ‘அம்மா நோட்டு தீந்துபோச்சும்மா, அதான் இதுலயே எழுதிகினு இருந்துச்சி, கிழிச்சிடட்டுமா?’ என்றாள்.

கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அட்டையில் நாற்பது என்று எழுதினேன்.