மோலியின் வாயில் படர்ந்த வெண்மை

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிக் கடந்தபோது, எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட என் மீன் தொட்டியில் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் நின்றுபோயின. மூன்று கப்பிகள் இறந்தன. தொட்டி வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், டிசம்பர் 17 ஞாயிறன்று கொளத்தூர் சென்று ஆறு கறுப்பு மோலிகளை வாங்கி வந்து, மற்ற மீன்களோடு நேராக விட்டுவிட்டேன். காற்றோட்டம் இல்லாமல் நின்ற ஃபில்டரில், கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவைக் கேடு குறைந்ததாக மாற்றும் நன்மை பயக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மடிந்திருக்கும் என்பதையும், அந்த நிலையில் ஆறு மீன்களை ஒரே நாளில் சேர்ப்பது எவ்வளவு பெரிய சுமை என்பதையும் நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு மோலியின் மேலுதட்டில் சாம்பல் கலந்த வெண்மை படர்ந்திருந்தது. மாலைக்குள் இன்னொன்றின் முதுகுத் துடுப்பைச் சுற்றிலும், குதிரைக்குச் சேணம் போட்டாற்போல், நிறம் வெளுத்த ஒரு பட்டை தெரிந்தது. வெள்ளையாக ஏதாவது படர்ந்தால் அது பூஞ்சை என்றே நான் அதுவரை நம்பியிருந்தேன். கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது: மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்தை ஊற்றுங்கள், ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்கள், ஹீட்டரை 30 டிகிரியில் வையுங்கள். மூன்றையும் அன்றிரவே பெரிய தொட்டியில் செய்தேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் நான்கு மோலிகள் இறந்துவிட்டன. டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தொட்டிருந்தது.

மரக்காணம் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் ஆய்வக வேலை பார்க்கும் என் சித்தி மகள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தாள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள். நான் கேட்டுக்கொண்டதால் ஒரு சிறிய நுண்ணோக்கியையும் கொண்டு வந்திருந்தாள். நோயுற்றிருந்த இரண்டு மோலிகளில் ஒன்றை ஈரக் கையால் பிடித்து, உதட்டோரத்தை மிக மெதுவாகச் சுரண்டி, அதை ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரோடு கண்ணாடித் தகட்டில் வைத்து, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னாள். பூஞ்சையாக இருந்தால் கிளை பிரிந்த தடித்த இழைகள் தெரிய வேண்டும். நான் பார்த்தவையோ மெலிந்து நீண்ட கோல்கள். அவை வழுக்கியபடி நகர்ந்து வந்து ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, களத்தில் போட்ட வைக்கோல் போர் போல எழுந்து நின்றன.

"அண்ணா, இது பூஞ்சையே இல்லை. பாக்டீரியா," என்றாள். ஃபிளேவோபாக்டீரியம் கொலம்னாரே என்பது அதன் பெயர். தூண் போலக் குவியும் அந்த இயல்பால்தான் அப்பெயர் வந்ததாம். நீர் சூடாகச் சூடாக அதன் வேகம் கூடும். வெப்பத்தைக் கூட்டுவது வெண்புள்ளி நோய்க்கு உதவும் முறை. அதையே இந்த நோய்க்குச் செய்தால் நோயைத்தான் வளர்க்கிறோம். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு. இந்த பாக்டீரியா செவுளையும் அரிக்கும் என்பதால், மீனுக்கு அது இரட்டைத் தண்டனை. மெத்திலீன் ப்ளூவோ, புயலில் பிழைத்திருந்த ஃபில்டர் பாக்டீரியாக்களையும் கொன்றிருக்கிறது. எங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல். காரத்தன்மையும் சூடும் கூடும்போது அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். நான் நல்லது என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் அந்த மீன்களை எந்த வழியில் நெருக்கியது என்பதை அவள் சொல்லச் சொல்ல, எனக்குத் தொண்டை அடைத்தது.

ஹீட்டரை நிறுத்தினோம், அந்த மாதக் குளிரில் நீர் தானாகவே 25 டிகிரிக்கு இறங்கியது. மிஞ்சிய இரண்டு மோலிகளையும் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் தனியாக விட்டோம். உப்பைக் கைப்பிடியால் அளக்காமல் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 40 கிராமை எடை பார்த்து, ஒரு நாளில் மூன்று தவணையாகக் கரைத்தோம். மோலி உப்பை நன்றாகத் தாங்கும். பெரிய தொட்டியில் இருந்த கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி தாங்காது என்பதால், அங்கே உப்பைக் குறைக்கவும் அம்மோனியாவை இறக்கவும் தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன்.

மருந்து விஷயத்தில் அவள் கண்டிப்பாக இருந்தாள். ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் கேட்டு வாங்கி மனம்போன அளவில் போடக் கூடாது என்று சொல்லி, தனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் படங்களைக் காட்டி, ஆக்சிடெட்ராசைக்ளினும் அதன் அளவும் எழுதி வாங்கித் தந்தாள். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்தைப் பிணைத்துக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால், டப்பில் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தோம். வெளிச்சத்தில் மருந்து சிதையும் என்பதால் மேலே கறுப்புத் துணி போர்த்தினோம். டப்பில் ஃபில்டர் வைக்காமல் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் மட்டும் போட்டு, நாள்தோறும் பாதி நீரை மாற்றி, மாற்றிய நீருக்கு உரிய உப்பையும் மருந்தையும் மட்டும் மறுபடி சேர்த்தேன். நோயைக் கண்டறிந்த அந்த ஒரு மணி நேரத்தைவிட, இந்தப் பத்து நாள் வேலைதான் உண்மையில் கடினமாக இருந்தது. வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் எழுந்து, வாளியில் கோடு போட்டு அளந்து, ஒரு நாளும் தவறாமல் செய்ய வேண்டியிருந்தது. வாயில் புண் இருந்ததால் முதல் நான்கு நாள் மீன்கள் எதையும் தின்னவில்லை. ஐந்தாம் நாள் ஒன்று தண்ணீரில் விழுந்த தூளைக் கவ்வியது. ஏழாம் நாளில் வெண்மை முழுக்க மறைந்துவிட்டது. ஆனாலும் மருத்துவர் சொன்ன பத்து நாளையும் முடித்தேன். மருந்து கலந்த நீரை ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்திருந்த பிறகே கொட்டினேன்.

அவள் சொன்ன இன்னொன்றையும் அன்றிலிருந்து விடாமல் கடைப்பிடிக்கிறேன். தொட்டி நீரை இறக்கக் குழாயை வாயால் உறிஞ்சுவதும், வெறுங்கையைத் தொட்டிக்குள் விடுவதும் எனக்குப் பழக்கமாக இருந்தன. மீன்களிடமிருந்து கையிலுள்ள கீறல் வழியாக மனிதரின் தோலுக்குத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் வகை ஒன்று உண்டு என்று அறிந்தபின், கை பம்ப்பும் ரப்பர் கையுறையும் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரியில், பூஞ்சை என்று பொதுவாகச் சொல்லப்படும் நோயையும் பார்த்தேன். கல்லில் உரசி வால் கிழிந்த ஒரு பிளாட்டி மீனின் காயத்தில், பிய்த்த பஞ்சு ஒட்டியது போல இழை இழையாக எழும்பி நின்றது. வலையில் மீனைத் தூக்கியதும் அந்த இழைகள் உடம்போடு படிந்துவிட்டன. மோலியின் வாயில் இருந்தது இப்படி எழும்பி நிற்கவே இல்லை. மட்டமாகத் தோலோடு தோலாகப் படர்ந்திருந்தது. நீர்ப்பூஞ்சையான சாப்ரோலெக்னியா பெரும்பாலும் காயம்பட்ட இடத்தையும் இறந்த முட்டையையும் தேடித்தான் வருகிறது. தனி டப்பில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் மெத்திலீன் ப்ளூவும் சிறிது உப்பும் போட்டு வைத்ததில் அந்தப் பிளாட்டி ஐந்து நாளில் தேறியது. வாலை உரசிய கூரிய கல்லை எடுத்துவிட்டேன்.

பிழைத்த மோலிகளில் ஒன்றின் மேலுதட்டு ஓரம் இன்றும் சற்றுக் குறைந்தே இருக்கிறது. தின்பதற்கு அது தடையாக இல்லை. அதே 20 லிட்டர் டப் இப்போது தனிமைத் தொட்டியாகப் பால்கனிப் பக்கம் நிரந்தரமாக இருக்கிறது. அதற்கென்று தனி வலை, தனி வாளி. சென்ற மாதம் வாங்கிய ஐந்து கப்பிகள் அதில் இன்றோடு பத்தொன்பது நாள் முடித்திருக்கின்றன. நான்கு வாரம் ஆகும் வரை அவை அங்கேயே இருக்கும்.