எஸ்ஆர்இ நேர்காணல்: வரையறையை விடுங்கள், கணக்கைப் போடுங்கள்

கோவை சரவணம்பட்டி, கீரநத்தம் பக்கம் எஸ்ஆர்இ (சர்வீஸ்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்) வேலைக்கு நேர்காணல் போகிற நம் பிள்ளைகள் பலர் கேப் தேற்றத்தையும் (நெட்வொர்க் துண்டானால் ஒத்திசைவு, கிடைக்கும்தன்மை இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது) மைக்ரோசர்வீஸ் (ஒரே ஆப்பைச் சிறு சர்வீஸ்களாகப் பிரிப்பது) வரையறையையும் உருப்போட்டுக்கொண்டு போகிறார்கள். அதற்கு அரை நாள் போதும். கோட்டை விடுவது, "இந்த சர்வீஸ் மெதுவாகிவிட்டால் அடுத்து என்ன ஆகும்?" என்ற கேள்வியில்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கான ஆர்டர் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 200 கோரிக்கை. ஸ்டாக் சர்வீஸ் 50 மில்லிசெகண்டில் பதில் தந்தால், ஒரே சமயத்தில் காத்திருப்பவை 200 × 0.05 = 10. அதுவே 2 நொடி எடுத்தால் 400. ஆப்பின் த்ரெட் பூல் (ஒரே சமயத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கக்கூடிய இடங்கள்) 50 என்றால் கால் நொடியில் நிரம்பிவிடும். அப்புறம் ஸ்டாக்கே தேவைப்படாத லாகின்கூட நின்றுபோகும். செத்த சர்வீஸ் பெரும்பாலும் உடனே மறுத்துவிடும். மெதுவான சர்வீஸ்தான் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 200 மில்லிசெகண்டாக வைத்தால் 200 × 0.2 = 40, பூலுக்குள் அடங்கும். எண்ணைச் சொன்னால் போதாது, ஏன் அந்த எண் என்று இப்படிப் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது ரீட்ரை, அதாவது தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்புவது. கேட்வே (கோரிக்கை முதலில் வரும் வாசல்), ஆர்டர், ஸ்டாக் மூன்றும் தலா 3 முறை முயன்றால், ஏற்கெனவே திணறும் டேட்டாபேஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆகப் போய் நிற்கும். ஒரே அடுக்கில் மட்டும் ரீட்ரை வையுங்கள். இடைவெளி 100, 200, 400 மில்லிசெகண்ட் என்று கூடட்டும். அதில் கொஞ்சம் ஜிட்டரும் (தற்செயலான கூடுதல் தாமதம்) சேருங்கள். சோமனூர் தறிக்குடோனில் கரண்ட் போய் வந்ததும் எல்லாத் தறியையும் ஒன்றாகப் போட்டால் பியூஸ் போய்விடும், ஒவ்வொன்றாகத்தான் போடுவார்கள். ஜிட்டர் செய்வதும் அதுவே. டைம்அவுட் ஆனதாலேயே ஆர்டர் பதிவாகவில்லை என்று ஆகிவிடாது. ஐடெம்பொட்டன்சி கீ (அதே கோரிக்கைதான் மறுபடி வந்தது என்று அடையாளம் காட்டும் எண்) இல்லாமல் ரீட்ரை செய்தால் ஒரே ஆர்டர் இரண்டு முறை ஏறும்.

சர்வீஸ் 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றால் 30 நாளில் 43.2 நிமிடம் நிற்கலாம். அப்படி ஐந்து சர்வீஸ் சங்கிலியாக இருந்தால் மொத்தம் சுமார் 99.5, அதாவது ஏறக்குறைய 3.6 மணி நேரம். இதைக் கையாலேயே போடப் பழகுங்கள்.

இதையெல்லாம் லேப்டாப்பில் செய்தே பார்க்கலாம். மூன்று டாக்கர் கண்டெய்னரை (ஆப்பைத் தனித்தனியாக ஓட்டும் பெட்டிகள்) ஏற்றி, ஒன்றில் நெட்வொர்க்கைத் தாமதப்படுத்தும் 'டிசி நெட்எம்' கட்டளையால் 2 நொடி தாமதம் கொடுங்கள். கண்டெய்னருக்கு நெட் அட்மின் (நெட்வொர்க்கை மாற்றும்) அனுமதி தராவிட்டால் கட்டளை மறுக்கப்படும். கண்டெய்னருக்கு அடிப்படையான இமேஜ் சின்னதாக இருந்தால், அந்தக் கட்டளை அடங்கிய ஐபிரூட்2 தொகுப்பே இருக்காது, முதலில் நிறுவ வேண்டும். பூல் நிரம்புவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பதில் தானாக வரும்.

குழு பற்றிய கேள்வியும் கட்டாயம் வரும். இரவு 2 மணிக்கு அலர்ட் அடித்தால் பலர் லாகைத் தோண்டப் போவதாகச் சொல்வார்கள். முதலில் பாதிப்பை நிறுத்துங்கள்: கடைசியாகப் போட்ட டிப்ளாய்மென்ட்தான் சந்தேகம் என்றால் ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது), காரணம் தேடுவது பிறகு. வழிநடத்த ஒருவர், கைவைக்க ஒருவர், மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதும் போஸ்ட்மார்ட்டத்தில் (என்ன நடந்தது என்ற அறிக்கை) யார் தப்பு என்று எழுதக் கூடாது. "இனி கவனமாக இருப்போம்" என்பதும் வேலைக்கு ஆகாது. "ஸ்டாக் கிளையன்ட் டைம்அவுட் 30 நொடியிலிருந்து 200 மில்லிசெகண்ட்; செய்பவர் இன்னார்; முடிக்கும் தேதி இது" என்று எழுதுங்கள்.