அன்னங்களை எந்த வரிசையில் எழுதுவது?

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வீடியோத் துண்டுக்கு நான் எழுதிவந்த குறிப்புக் கோப்பு ஒருவழியாக ஒழுங்குக்கு வந்தது. மூன்று வாரம் இழுத்துவிட்டது. ரஷ்ய மொழித் தொலைக்காட்சி ‘தோஷ்த்’ 2022 மார்ச் 3 அன்று ஒளிபரப்பை நிறுத்தியதே, அந்த நேரலையின் கடைசித் துண்டு. இரண்டு நாள் முன்புதான் அதன் இணையதளத்தை ரஷ்யாவில் முடக்கியிருந்தார்கள். ஸ்டுடியோவில் ஊழியர்கள் கூடியிருக்கிறார்கள். சேனலை நிறுவிய நடாலியா சிந்தேயெவா ‘நியெத் வய்னே’ என்கிறார். போர் வேண்டாம். எல்லோரும் வெளியேறுகிறார்கள். அப்புறம் திரையில் சாய்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ (அன்ன ஏரி) பாலே.

சொல், படம், ஒலி மூன்றும் சேரும் விதத்தைப் பார்க்க இதைவிடச் சின்னதாக, இதைவிட அடர்த்தியாக ஒரு துண்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே மாலையில் முடியும் என்று நினைத்துத்தான், வீடியோவின் நேரக்கோட்டுக்குக் கீழே வரிசை வரிசையாகக் குறிப்பு எழுதும் மென்பொருளான ஈலானில் திறந்தேன்.

மாட்டிக்கொண்டது வரிசை அமைப்பில். செய்தி வாசிப்புக்கும் பேட்டிக்கும் இத்தனை நாள் நான் வைத்திருந்த அச்சு ஒன்று உண்டு. பேச்சு தாய் வரிசை. திரையெழுத்து, படம், இசை மூன்றும் அதன் சேய் வரிசைகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே அந்த நேரத்தில் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று எழுதிக்கொண்டே போகலாம். ஐம்பது அறுபது துண்டுகளை அப்படித்தான் முடித்திருக்கிறேன். இங்கே ஊழியர்கள் வெளியேறியதும் பேச்சு நின்றுவிடுகிறது. தாய் வரிசையில் குறிப்பு இல்லாத இடத்தில் சேய் வரிசையில் குறிப்புப் போட முடியாது. அன்னங்கள் ஆடுகின்றன, எழுத இடமில்லை.

முதலில் ஒட்டுப்போட்டேன். பேச்சு வரிசையில் ‘பேச்சில்லை’ என்று ஒரு வெற்றுக் குறிப்பை நீட்டி, இசையை அதில் தொங்கவிட்டேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. கணக்கெடுத்தபோது பாலே ஓடிய நேரம் முழுவதும் பேச்சு நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. பேச்சே இல்லாத இடம்தான் நான் இந்தத் துண்டை எடுத்ததற்குக் காரணம், அதுவே பேச்சு என்று பதிவாகியிருக்கிறது! இரண்டு நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லா வரிசைகளையும் பிரித்துத் தனித்தனியாக்கினேன். இப்போது யாரும் யாருக்கும் தாயில்லை. நான்கும் நேரக்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வாக்கியத்தோடு ஒட்டிவந்த வசதி போய்விட்டது. ஒவ்வொரு எல்லையையும் கையால் இழுத்து வைக்க வேண்டும், மணிக்கட்டு வலிக்கிறது. ஆனாலும் பழைய அச்சுக்குத் திரும்ப மாட்டேன். சொல்தான் தலை, மற்றவை அதற்குத் துணை என்று பார்ப்பதற்கு முன்பே முடிவுகட்டி வைத்திருந்த அச்சு அது.

நேர நழுவலும் படுத்தியது. எடுத்துவைத்த வீடியோவில் நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு நிலையாக இல்லை, தொடக்கத்தில் சரியாக விழுந்த குறிப்பு கடைசியில் தள்ளிப்போய் நின்றது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைக் கொண்டு நொடிக்கு 25 படம் என்று நிலைப்படுத்தி, ஒலியைத் தனி வேவ் கோப்பாகப் பிரித்த பிறகுதான் நின்றது. இனி எதையும் அப்படிச் செய்யாமல் திறப்பதில்லை.

சரி, வரிசைகள் தனியாகிவிட்டன. அவற்றுக்குள் என்ன உறவு என்பதை எங்கே எழுதுவது? அதற்குத்தான் ஐந்தாவது வரிசை. பெயர்களை ரஷ்யாவிலிருந்தே எடுத்தேன். பேசும் படம் வந்த புதிதில், 1928இல், சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்த்ரோவ் மூவரும் சேர்ந்து ஒலியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். படத்தில் வாய் அசைந்தால் அதே வார்த்தை கேட்பது என்று ஒலியைப் பயன்படுத்தினால் படத்தொகுப்பின் வலிமையே போய்விடும், ஒலி படத்துக்கு எதிராக நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆகவே என் ஐந்தாவது வரிசையில் ‘ஒத்திசைவு’, ‘எதிர்நிலை’ என்று இரண்டு சொற்கள். சாதாரணச் செய்தித் துண்டுக்கு இவை போதும்.

பாலேக்கு இரண்டும் பொருந்தவில்லை. இசையும் நடனமும் தமக்குள் முழுக்க ஒத்திசைவு. முன்னால் பேசியதோடு சேர்த்துப் பார்த்தால் எதிர்நிலை. ஆனால் பார்க்கிற ரஷ்யருக்கு நடப்பது வேறு. 1991 ஆகஸ்ட் 19 அன்று, கோர்பச்சேவைக் கவிழ்க்கும் முயற்சி நடந்து மாஸ்கோ வீதிகளில் டாங்கிகள் வந்தபோது, சோவியத் தொலைக்காட்சி இதே பாலேயைப் போட்டது. அதிலிருந்து அங்கே இந்த நடனம் வந்தாலே ‘மேலே ஏதோ நடக்கிறது, நம்மிடம் சொல்லவில்லை’ என்று அர்த்தம். 1991இல் அரசு செய்தியை மறைக்கப் போட்ட அதே இசையை 2022இல் வாய் அடைக்கப்பட்ட ஒரு சேனல் செய்தியைச் சொல்லப் போட்டது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதனால் மூன்றாவதாக ‘நினைவு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். அதன் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதற்கு மட்டும் நான்கு இரவு போனது. படம் தெரியும் இடமா, இசை தொடங்கும் இடமா? இசையில் வைத்தேன். அடுத்த அறையில் இருந்து கேட்டாலே ஒரு ரஷ்யருக்குப் புரிந்துவிடும்.

இடையில் திரையெழுத்து வரிசையையும் கொஞ்சம் கவனித்தேன். சாய்வெழுத்து வந்தால், படத்திலிருந்து எழுத்தைப் படித்துத்தரும் எழுத்துணரி மென்பொருள் தடுமாறுகிறது. ரஷ்யச் சாய்வெழுத்தில் ‘த’ ஒலிக்கான எழுத்து ஆங்கில எம் மாதிரி இருக்கும், ‘ப’ ஒலிக்கானது என் மாதிரி. கண்ணால் படித்துத் தட்டச்சுவதே வேகம். அதற்கு எனக்குத் துணை, பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய மாஸ்கோ அச்சு அகராதி. தாள் பழுத்துவிட்டது, ஆனால் சொல்லில் அழுத்தம் எங்கே என்று எல்லாச் சொல்லுக்கும் குறி போட்டிருக்கிறார்கள். அழுத்தம் தெரியாமல் ரஷ்யப் பேச்சைக் காதால் பிரிக்கவே முடியாது. இரண்டாம் தொகுதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

திரையெழுத்துக்கென்றே ‘பிளாஷ்கா’ வேலை ஒன்று பாதியில் கிடக்கிறது. ‘வெளிநாட்டு முகவர்’ என்று அரசு முத்திரை குத்திய ஊடகங்கள் கட்டாயமாகப் போட வேண்டிய அறிவிப்புப் பட்டை. 2020இல் வந்த விதிப்படி எழுத்தில் அது செய்தியைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், வீடியோவில் திரையின் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு குறைந்தது 15 நொடி நிற்க வேண்டும். 720 புள்ளி உயரப் படத்தில் 144 புள்ளிப் பட்டை. ஊடகம் தன் விருப்பப்படி சேர்க்காத எழுத்துக்குத் தனி நிறம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ரஷ்ய மொழிச் செய்தித்தளம் மெதுசாவுக்கும் தோஷ்த்துக்கும் 2021இல் முத்திரை விழுந்தது, அதற்கு முன்னும் பின்னுமாகத் துண்டுகள் சேர்க்க வேண்டும்.

அதற்குள் அடுத்த சிக்கல் வந்து உட்கார்ந்துவிட்டது. தோஷ்த் நின்ற ஆறு நாள் கழித்து, மார்ச் 9 தேதியிட்ட ‘நோவயா கஸெட்டா’ என்ற ரஷ்யச் செய்தித்தாளின் முகப்பு. பாலே ஆடும் பெண்களின் நிழலுருக்கள், பின்னால் அணுகுண்டுப் புகை. மாற்றப்பட்ட குற்றவியல் சட்டத்தின் எல்லா விதிகளுக்கும் உட்பட்டுத் தயாரித்த இதழ் என்று ஒரு வரி. இணையத்தில் பரவியதும் இதே படம்தான். ஒலி கிடையாது. ஆனால் பார்த்ததும் சாய்கோவ்ஸ்கி கேட்கிறது. இசை வரிசையை வெறுமையாக விட மனம் வரவில்லை. ஐந்தாவது வரிசையில் ‘நினைவு’ என்று மட்டும் போட்டுவைத்திருக்கிறேன், அதைக் கட்டிவைக்க நேரக்கோடே இல்லாத ஒரு படத்தில்.