கண்ணாடியை நகர்த்தி நேரம் அளப்பது

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் குரோமியம் சல்ஃபைடு புரோமைடு பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். (சரி, சிரிக்காதீர்கள்.) செலோடேப்பில் ஒட்டி உரித்தே சில அணுக்கள் தடிமனுள்ள ஏடாக எடுத்துவிடலாம். குறைகடத்தி, கூடவே காந்தம். சுமார் 132 கெல்வினுக்குக் கீழே ஓர் அடுக்கின் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களுக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அடுத்த அடுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

ஒளி பட்டு எழும்பிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் பிரியாமல் திரியும் ஜோடிதான் எக்சைட்டான். அடுக்குகள் முறைத்துக்கொண்டு நிற்கும்வரை அது பக்கத்து அடுக்குக்குத் தாவுவது கஷ்டம். காந்தப்புலம் வைத்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பினால் கதவு திறக்கிறது, எக்சைட்டானின் ஆற்றலும் கொஞ்சம் இறங்குகிறது. 2022இல் ஒரு குழு லேசர் துடிப்பால் தட்டிவிட்டு, ஸ்பின்கள் அலையாக ஆடுவதை இந்த ஏற்ற இறக்கத்திலேயே பார்த்துவிட்டது.

எனக்குப் பிடித்தது அளக்கும் விதம். இந்த வேகத்துக்கு ஸ்டாப்வாட்ச் ஏது? முதல் துடிப்பு தட்டிவிடும், சற்றுத் தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு என்ன ஆனதென்று பார்க்கும். அந்த இரண்டாவது துடிப்பு வரும் வழியில் ஒரு கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுகிறார்கள். ஒளி போய்த் திரும்ப 0.3 மில்லிமீட்டர் கூடுதல், அதாவது 1 பிக்கோ வினாடி (ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தாமதம். அப்புறம் இன்னொரு 0.15.